மொட்டை மாடி வாசிப்பு: இந்த ஞாயித்துக்கிழமைக்கு என்ன எடுக்கலாம்?

பைண்டிங் அக்கா, தண்டையார்பேட்டை
செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆண்டர்சன் தெருவுல ஒரு பைண்டிங் கடையில பதினாலு வருஷமா வேலை பார்க்கறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு எங்க மொட்டை மாடியில பதினோரு பிள்ளைங்க கூடுவாங்க. எட்டாவது படிக்கற பையன்ல இருந்து காலேஜ் முதல் வருஷம் போற பொண்ணு வரைக்கும். வாரம் நாலு விஷயம் படிப்போம்: அறிவியல்ல ஒண்ணு, மொழியப் பத்தி ஒண்ணு, அரசியல் ஒண்ணு, கலை பண்பாடு ஒண்ணு. ஒருத்தர் சத்தமா படிக்கணும், மத்தவங்க கேக்கணும், அப்புறம் பேசணும்.

கடையில கட்டிங் போக மிச்சமாகற அரைத் தாள முதலாளி எனக்கே குடுத்துடுவார். அதுல ஜெராக்ஸ் போட்டு, மடிச்சு, நடு மடிப்புல மூணு ஓட்டை குத்தி நூல் தையல் போட்டு ஆளுக்கு ஒரு சின்ன புத்தகமா குடுப்பேன். பின் அடிக்க மாட்டேன். நம்ம உப்புக்காத்துல பின் ரெண்டே மாசத்துல துருப்பிடிச்சு தாளையும் சேர்த்துத் தின்னுடும். தையல் போட்ட புத்தகம் மடியில வெச்சா முழுசா விரிஞ்சு படுக்கும், ஓரத்து எழுத்து மறையாது.

போன வாரம் அறிவியலுக்குக் கருந்துளை எடுத்தேன். எழுதினவர் நல்லாத்தான் எழுதியிருந்தார். ஆனா ரெண்டாவது பக்கத்துலயே மூணு பிள்ளைங்க போனைக் கையில எடுத்துட்டாங்க. முடிச்சதும் காசிமேட்டுப் பொண்ணு ஒருத்தி, பத்தாவது படிக்கறவ, காலைல நாலு மணிக்கு அவங்க அம்மாகூட மீன் எடுக்கப் போய்ட்டு அதுக்கப்புறம் ஸ்கூலுக்குப் போறவ, என்னைக் கேட்டா: "அக்கா, கருந்துளை வெளிச்சத்தையே முழுங்குதுன்னு படிச்சோம், சரி. எங்க ஆயா வாழ்ந்த தெருவ கடல் முழுங்கிடுச்சே, அது ஏன்? மெரினாவுல மட்டும் ஏன் மணல் அவ்ளோ அகலமா கெடக்கு?"

எனக்குப் பதில் தெரியல. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மறுநாள் கொருக்குப்பேட்டை கேட்ல கூட்ஸ் வண்டிக்காக நின்ன நேரம் பூரா அதே நெனப்பு.

இந்த வாரத்துக்கு நாலு விஷயம் சொல்லுங்க. தமிழ்ல இருக்கணும், நாலு பக்கத்துக்குள்ள அடங்கணும். அந்தப் பொண்ணு கேட்டதுக்கு யாருக்காவது பதில் தெரிஞ்சா கட்டாயம் எழுதுங்க.


மண்ணடிக்காரன்
செவ்வாய், இரவு 10.05

ஞாயித்துக்கிழமை பேப்பர் இணைப்புலயே எல்லாம் வருதே. அத வாங்கிப் படிச்சா போதும்.


பைண்டிங் அக்கா
செவ்வாய், இரவு 10.20

அதத்தான் தம்பி ஆறு மாசமா படிச்சோம். எல்லாம் தூரத்துல நடக்கற சங்கதியாவே இருக்குன்னு பிள்ளைங்க சொல்லிட்டாங்க.


பழைய கிரேன்
புதன், காலை 6.15

ம்மா, துறைமுகத்துல 31 வருஷம் கிரேன் ஓட்டினவன் நான். உயரத்துல உக்காந்து ரெண்டு பக்கத்துக் கரையயும் தெனம் பார்த்தவன். அந்தப் பொண்ணு கேட்டது ரெண்டு கேள்வி இல்லம்மா, ஒரே கேள்வி. மெரினாவுல கெடக்கறது நம்ம பக்கம் வந்து சேந்திருக்க வேண்டிய மணல்.

எப்படின்னா, அலை கரைக்கு நேரா வராது, சாய்வா வரும். ஏறும்போது மணலத் தூக்கிக்கிட்டு சாய்வா ஏறும். எறங்கும்போது பள்ளத்தப் பார்த்து நேரா எறங்கும். அதனால ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டுல நகரும். நம்ம கரையில மார்ச்சுல இருந்து அக்டோபர் வரைக்கும் தெக்க இருந்து வடக்க போகும். நவம்பர்ல வாடை அடிக்க ஆரம்பிச்சா பிப்ரவரி வரைக்கும் வடக்க இருந்து தெக்க திரும்பும். மொத்தத்துல வடக்க போறதுதான் அதிகம். மனுசன் கை வைக்காத வரைக்கும் வரவும் போக்கும் சரியா இருந்துது, கரை நின்ன எடத்துல நின்னுது.

அந்தக் காலத்துல மெட்ராசுக்குத் துறைமுகமே கெடையாதும்மா. கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகுல ஏத்தி அலையத் தாண்டிக் கரைக்குக் கொண்டாருவாங்க. அந்தப் படகுல ஒரு ஆணி இருக்காது. பலகையும் பலகையும் கயித்தால தைச்சிருப்பாங்க, தேங்கா நார்க் கயிறு. ஆணி அடிச்ச படகு இந்த அலையில தரை தட்டினா பொளந்துடும். தைச்சது வளைஞ்சு குடுக்கும். தையல் போடற ஆளுன்னு சொன்னியே, அதான் இத உனக்குன்னு எழுதறேன்.

1861ல கரையில இருந்து கடலுக்குள்ள இரும்புக் கால் நட்டு ஒரு பாலம் போட்டாங்க. தண்ணியும் மணலும் கால் சந்துல பூந்து போச்சு, அதால பெருசா கெடுதல் இல்ல. 1876ல ரெண்டு கல்சுவர கடலுக்குள்ள நீட்ட ஆரம்பிச்சாங்க. 1881 நவம்பர்ல அடிச்ச புயல் அதுல நெறைய ஒடச்சுப் போட்டுது. திரும்பக் கட்டினாங்க. சுவர் மறிச்சதும் தெக்க இருந்து வந்த மணல் அங்கயே நின்னு சேர ஆரம்பிச்சுது. கரை அகலமாச்சு. கவர்னர் கிராண்ட் டஃப் 1884ல அங்க நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்சார். சுவருக்கு வடக்க, அதாவது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம், அலை வந்துது, மணல் வரல. அலை மட்டும் எப்பவும் போல அரிச்சு எடுத்துட்டுப் போய்க்கிட்டே இருந்துது. அந்தப் பொண்ணோட ஆயா தெரு போனது இப்படித்தான்.

இப்ப கல் கொட்டறாங்க, தூண்டில் வளைவுன்னு கரையில இருந்து கடலுக்குள்ள கல்சுவர் போடறாங்க. வளைவுக்குத் தெக்க மணல் சேரும். அதுக்கு வடக்க இருக்கறவன் கரை கொறையும், அவன் அடுத்த வளைவு கேப்பான். எண்ணூர் விரைவுச் சாலையில பஸ்ல சன்னல் ஓரமா உக்காந்து போனா இதக் கண்ணாலயே பார்க்கலாம். எந்தக் கரையக் காப்பாத்தறது, எதக் கடலுக்கு விடறது, அத யாரு முடிவு பண்றது? அரசியலுக்குன்னு நீ தனியா கட்டுரை தேட வேணாம்மா.

பிள்ளைங்கள ஒரு நாள் காலைல கரைக்குக் கூட்டிட்டுப் போ. ஒரு தேங்கா மட்டைய அலை ஒடையற எடத்துக்குள்ள வீசச் சொல்லு. பத்து நிமிஷம் கழிச்சு அது எங்க கரை ஏறுதுன்னு அடி போட்டு எண்ணச் சொல்லு. இப்ப ஆனி மாசம், வடக்கதான் போவணும். யாரும் தண்ணியில எறங்கக் கூடாது. கல் மேலயும் ஏறக் கூடாது, பாசி வழுக்கும்.


கணக்கு டீச்சர், ராயபுரம்
புதன், மாலை 5.30

அக்கா, கிரேன் ஐயா எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே துறைமுகத்தின் கிழக்கு வாயை மூடி, வடகிழக்கில் புது வாய் திறக்க வைத்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகக் கழகத்தின் தலைவராக இருந்தவர். அவருக்குக் கீழே 1912 மார்ச் 1ஆம் தேதி ஒரு எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் ராமானுஜன். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். உங்கள் ஆண்டர்சன் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

1913 ஜனவரி 16ஆம் தேதி அவர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை மொழிபெயர்த்துப் படிக்கலாம். முதல் பத்தி போதும். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பட்டப்படிப்பு இல்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். என் வகுப்புப் பிள்ளைகள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் படிப்பதோடு விட வேண்டாம். ஒரு கை புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கொட்டையை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம்? நாலும் ஒரே குவியல். மூணும் ஒண்ணும். ரெண்டும் ரெண்டும். ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. நாலும் தனித்தனி. ஆக 5 விதம். குவியலின் வரிசையை மாற்றினால் அது புது விதம் ஆகாது, இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து 9 கொட்டையைக் கொடுங்கள். விடை 30. பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவர்களே வரட்டும். 14 கொட்டைக்கு 135, 19 கொட்டைக்கு 490. எல்லாம் 5ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது, பாருங்கள். 4இல் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டிக்கொண்டே போனால், எவ்வளவு தூரம் போனாலும் இப்படித்தான் வகுபடும் என்று நிரூபித்தவர் ராமானுஜன். 100 கொட்டைக்கு 19,05,69,292 விதம். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் ஒரு நிமிடம் எதுவும் பேச மாட்டேன்.

ராயபுரத்திலேயே ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. பி.கே. சீனிவாசன் என்ற கணித ஆசிரியர் உருவாக்கியது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.


மண்ணடிக்காரன்
புதன், இரவு 11.10

அக்கா, நேத்து யோசிக்காம எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்க. மொழிக்கு நான் ஒண்ணு தரேன்.

அந்தக் காசிமேட்டுப் பொண்ணு தெனமும் காலைல நாலு மணிக்கு என்ன காதுல கேக்கறா? ஏலம். அது போர்த்துக்கீசியர்கிட்ட இருந்து நாம எடுத்துக்கிட்ட சொல். சாவி, சன்னல், அலமாரி, மேசை, பீப்பா எல்லாமே அவங்க வழியா வந்ததுதான். துட்டு டச்சுக்காரங்க செப்புக்காசோட பேருன்னு சொல்வாங்க. பழவேற்காட்டுல 1613லயே அவங்க கோட்டை இருந்துது, இங்க இருந்து ரொம்ப தூரம்கூட இல்ல. பேஜார் பாரசீகம். நாஷ்டா உருது. நைனா தெலுங்கு.

"நைனா, ஏலம் முடிஞ்சுதா, துட்டு வந்துதா, நாஷ்டா துன்னியா?" எங்க தாத்தா பேசற மாதிரி ஒரு வரி. இதுல தெலுங்கு, போர்த்துக்கீசியம், டச்சு, உருது நாலும் இருக்கு. வாக்கியத்தக் கட்டி நிறுத்தறது முழுக்கத் தமிழ். முடிஞ்சுது, வந்துது, துன்னே: வினை ஒண்ணுகூட வெளிய இருந்து வரல. நாம பேசறத மட்டமான பேச்சுன்னு ஸ்கூல்ல சொல்லிச் சொல்லி நான் வாயே தொறக்காம வளர்ந்தேன். உங்க மாடியில வர எந்தப் பிள்ளைக்கும் அது நடக்கக் கூடாது. நானூறு வருஷமா கடல்ல வந்தவன் போனவன் எல்லாரோடயும் வேலை செஞ்ச சனங்களோட பேச்சு இது.

இங்க இருந்து வெளிய போனதயும் சொல்லுங்க. கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போச்சு. அங்க போய் ரெண்டு ஓடு வெச்ச படகுக்குப் பேராயிடுச்சு. நம்மளது மரத்த ஒண்ணா வெச்சுக் கயித்தால கட்டினது, பேர்லயே இருக்கு.

இன்னொண்ணு. பழந்தமிழ்ல நாலு திசைக் காத்துக்கும் தனித்தனிப் பேர்: கிழக்குல இருந்து வந்தா கொண்டல், மேற்குல இருந்து கோடை, வடக்குல இருந்து வாடை, தெற்குல இருந்து தென்றல். அந்தப் பொண்ணோட அம்மா எந்தக் காத்த என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க. அது எந்தக் கட்டுரையிலயும் கெடைக்காது.


பெரம்பூர் பேரன்
வியாழன், மதியம் 1.20

தோழர், எங்க தாத்தா பின்னி மில்லுல நெசவுப் பிரிவுல இருந்தவர். சாப்பாட்டு நேரத்துல எழுதறேன், அதனால சுருக்கமா.

பெரம்பூர்ல கடை வெச்சிருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பக்திச் சொற்பொழிவுக்குன்னு ஒரு சபை நடத்தினாங்க. மில் தொழிலாளிங்க அங்க கேக்க வருவாங்க. வந்தவங்க கொறையச் சொன்னாங்க: சோறு துன்ற நேரம் பத்தல, கதவ சாத்திடறான், அடிக்கறான். திரு.வி.க. அங்க வந்து பேசினார், அன்னி பெசன்ட் கூட வேலை செஞ்ச பி.பி. வாடியா வந்தார். 1918 ஏப்ரல் 27 அன்னிக்கு சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பமாச்சு. நாட்டுலயே முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு இதத்தான் சொல்றாங்க. ஜனங்க ஒண்ணா உக்காந்து கேக்கற ஒரு எடத்துல இருந்து அது வந்துது. உங்க மாடியும் அப்படி ஒரு எடம்தான்.

ஆனா அதே மில்லுல 1921ல நடந்த வேலைநிறுத்தத்தயும் விடாம படிங்க. ஆதிதிராவிடத் தொழிலாளிங்க பல பேர் வேலைக்குத் திரும்பினாங்க. புளியந்தோப்புல மோதல் நடந்துது, குடிசை எரிஞ்சுது. ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அவங்க பக்கம் நின்னு பேசினார். வெளிய நின்னவன் பசியும் நெசம், உள்ள போனவன் பட்ட அவமானமும் நெசம். எங்க தாத்தா முதல் பாதிய மட்டும்தான் சொல்லுவார். ரெண்டாவது பாதி எனக்கு நாப்பது வயசுல, நூலகத்துலதான் தெரிஞ்சுது. பிள்ளைங்களுக்கு ரெண்டயும் ஒரே நாள்ல சொல்லுங்க.


பைண்டிங் அக்கா
திங்கள், இரவு 10.50

நேத்து நடந்தத எழுதறேன். எல்லாருக்கும் நன்றி சொல்லணும், முக்கியமா கிரேன் ஐயாவுக்கு.

நீங்க நாலு பேரும் எழுதினத அப்படியே எடுத்து, எழுத்துப் பிழைய மட்டும் பார்த்து, எட்டுப் பக்கமா தைச்சுட்டேன். மைதா பசையில மயில் துத்தம் கலந்து அட்டை ஒட்டினேன், பூச்சி வராது, இந்தப் புத்தகம் இருக்கணும்.

மணல் கட்டுரைய அந்தப் பொண்ணுதான் படிச்சா. "நம்ம பக்கம் வந்து சேந்திருக்க வேண்டிய மணல்" அப்படிங்கற எடத்துல நிறுத்திட்டா. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம், "அப்போ நாங்க பொங்கலுக்கு மெரினா போய் வெளையாடறது எங்க மணல்லயா?"ன்னு கேட்டா. நான் ஆமாம்னு சொன்னேன். அவ திரும்ப முதல்ல இருந்து படிச்சா. அன்னிக்கு ஒருத்தர்கூட போனத் தொடல.

மசூலா படகப் பத்திப் படிச்சப்போ நான் ஊசிய எடுத்துக் காட்டினேன். ரெண்டு அட்டைத் துண்ட பின் அடிச்சு ஒண்ணு, தையல் போட்டு ஒண்ணு. வளைச்சுப் பாருங்கன்னு கையில குடுத்தேன். பின் அடிச்சது ரெண்டாவது மடிப்புலயே பின் எடத்துல கிழிஞ்சுது. தைச்சது இன்னும் எட்டாவது பையன் பையில இருக்கு. பதினாலு வருஷமா செய்யற வேலை. கடல்ல ஆளையும் சரக்கையும் காப்பாத்தின அதே வேலைன்னு எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது.

டீச்சரம்மா, புளியங்கொட்டைக்கு ஒண்ணரை மணி நேரம் போச்சு. 9 கொட்டைக்குப் பசங்க 29 விதம் கண்டுபிடிச்சாங்க, பொண்ணுங்க 28. ரெண்டு கூட்டத்துக்கும் 3, 3, 3 விட்டுப்போச்சு. கண்ணு முன்னாடி இருந்த ஒண்ணு. எட்டாவது படிக்கற பையன்தான் கண்டுபிடிச்சான். 19,05,69,292 எழுதிட்டு நானும் ஒரு நிமிஷம் பேசாம இருந்தேன்.

மண்ணடித் தம்பி, காத்துப் பேர் எழுதிட்டு வந்தா. வாடைய அவங்க அம்மாவும் வாடைன்னுதான் சொல்றாங்க. கோடைன்னா அவங்களுக்கு வெய்யக்காலம் மட்டும்தான், மேற்குக் காத்துக்குக் கச்சான்னு பேர். அந்தக் காகிதத்த புத்தகத்துக் கடைசித் தாளா ஒட்டிட்டேன், அவ கையெழுத்துலயே.

1921 பத்தி மட்டும் பேச்சு முடியல. புளியந்தோப்புல இருந்து வர பையன், அவனோட பாட்டி இந்தக் கதைய வேற மாதிரி சொல்லும்னு சொன்னான். கேட்டு எழுதிட்டு வரச் சொல்லியிருக்கேன். வர ஞாயிறு அதுக்கு மட்டும்தான் நேரம், வேற எதுவும் எடுக்கப் போறதில்ல.

அன்னிக்குக் காலைல ஆறு மணிக்குக் கரைக்குப் போறோம், பதினோரு பேரும். ஐயா, மட்டை பச்சையா இருக்கணுமா, காஞ்சதா இருக்கணுமா?


பழைய கிரேன்
செவ்வாய், காலை 5.50

காஞ்ச மட்டையே எடும்மா. ஆனா சனிக்கெழம ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போடு. நல்லா காஞ்சது மேல மெதந்து காத்து தள்ற பக்கம் போயிடும். ஊறினது பாதி முழுகி நீரோட்டம் போற பக்கம் போகும். மூணு மட்டையா கொண்டா, ஒண்ணு கல்லுல மாட்டிக்கும். நானும் வரேன்.